தோடி வாசித்த சக்கரவர்த்தி

குழந்தைகளே, நீங்கள் கடைசியாக எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள்? பந்தியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். ஜிலேபி, வடை, பாயசம்! அங்கே நாதஸ்வரம் வாசித்தவர் பெயர் என்ன என்று கேட்டால்? தலையைச் சொறிவீர்கள், இல்லையா?

பரவாயில்லை. பெரியவர்களுக்கும் அது தெரிந்திருக்காது. மேடையின் ஓரத்தில் ஒரு ஜமக்காளம் விரித்திருக்கும். அதில் நாலு பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருப்பார்கள். நாம் அவர்களுக்கு முன்னாலேயே நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால், ஒரு காலத்தில் ஒரு நாதஸ்வர வித்வான் இருந்தார். அவர் சீவாளியை வாயில் வைத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். அவர் வாசிப்பதைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டும், பல மைல் நடந்தும் ஜனங்கள் வருவார்கள். விடிய விடியக் கேட்டுவிட்டு, காலையில் நேராக வயலுக்கு வேலைக்குப் போவார்கள். அவர்தான் 'நாதஸ்வரச் சக்கரவர்த்தி' என்று போற்றப்பட்ட டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

நெல் விளையும் பூமி, நாதம் விளையும் பூமி

காவிரி பாயும் தஞ்சை மண்ணை நெற்களஞ்சியம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அங்கே நெல் மட்டும் விளையவில்லை, இசையும் விளைந்தது. ஊருக்கு ஊர் பெரிய கோயில். கோயிலுக்குக் கோயில் திருவிழா. சுவாமி புறப்பாடு என்றால் நாதஸ்வரமும் தவிலும் இல்லாமல் ஆகாது. சுவாமி புறப்படும்போது மல்லாரி, காலையில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒரு வாசிப்பு உண்டு. கடிகாரம் இல்லாத வீட்டிலும் நாதஸ்வரத்தைக் கேட்டே நேரம் சொல்லிவிடலாம்!

இந்த மண்ணில், திருமருகல் என்ற ஊரில், 1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி ராஜரத்தினம் பிறந்தார். அன்று அது தஞ்சாவூர் ஜில்லா. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை குப்புசாமி பிள்ளை. தாயார் கோவிந்தம்மாள். குழந்தைக்கு முதலில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். ராஜரத்தினம் என்ற பெயர் பின்னால் வந்தது.

தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை, பெயர் பெற்ற நாதஸ்வர வித்வான். திருவாவடுதுறை ஆதீனத்தில் வாசித்தவர். அவர்தான் ராஜரத்தினத்தைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். 'டி.என்.' என்ற எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது புரிகிறதா? திருமருகல் நடேசன்! ஊரின் பெயரும் மாமாவின் பெயரும்தான் அவருடைய தலைப்பெழுத்து.

முதலில் குரல், பிறகு குழல்

நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை முதலில் நாதஸ்வரம்தான் கற்றிருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் ராஜரத்தினம் வாய்ப்பாட்டும் முறையாகக் கற்றார். அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், அந்தக் காலத்து வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர். நாதஸ்வரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் கற்றுக்கொண்டார்.

பாட்டுக் கற்றது எவ்வளவு நல்லதாகப் போயிற்று தெரியுமா? ஒரு ராகத்தைத் தொண்டையில் பாடிப் பார்த்தவருக்கு, அது எங்கே வளையும், எங்கே நிற்கும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் உள்ளுக்குள்ளேயே தெரிந்துவிடும். அதனால் ராஜரத்தினம் வாசித்தபோது, யாரோ ஒருவர் குழலுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது.

நாதஸ்வரம் சுலபமான வாத்தியம் அல்ல. அதன் உடல் ஆச்சா மரத்தில் கடைந்தது. கீழே விரிந்திருக்கும் பாகத்துக்கு அணசு என்று பெயர். மேலே, வாயில் வைக்கும் சிறிய துண்டுதான் சீவாளி. ஆற்றங்கரைகளில் வளரும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வார்கள். விரல் வைக்க ஏழு துளைகள். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் தானாக வந்துவிடும். நாதஸ்வரத்தில் அப்படி இல்லை. ஒரே துளையில், விரலை எவ்வளவு மூடுகிறோம், எவ்வளவு காற்று விடுகிறோம், உதட்டால் சீவாளியை எப்படிப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஸ்வரம் மாறும். கொஞ்சம் அசந்தாலும் அபஸ்வரம்தான்! சத்தமோ தெருக்கோடி வரை கேட்கும். தப்பும் தெருக்கோடி வரை கேட்கும்!

ஒரு ராகத்துக்காக ஒரு குழல்

ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி. தோடி என்றால் ராஜரத்தினம் பிள்ளை. சங்கீதம் தெரிந்த தாத்தா, பாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள், இப்படித்தான் சொல்வார்கள். அந்த ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார். ஒரு முறை வாசித்தது போல மறு முறை இருக்காது.

ஆனால் தோடியை நாதஸ்வரத்தில் நினைத்தபடி வாசிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கவனமாகக் கேளுங்கள்.

ச, ரி, க, ம, ப, த, நி என்று ஏழு ஸ்வரங்கள். இதில் 'ம' இரண்டு வகை. ஒன்று, கொஞ்சம் தாழ்ந்து ஒலிக்கும் சுத்த மத்தியமம். மற்றொன்று, கொஞ்சம் உயர்ந்து ஒலிக்கும் பிரதி மத்தியமம். தோடிக்குத் தேவை சுத்த மத்தியமம். பழைய நாதஸ்வரத்திலோ பிரதி மத்தியமம்தான் சுலபமாக வரும். சுத்த மத்தியமம் வேண்டுமென்றால் துளையைப் பாதி மூடி, காற்றை அடக்கி, எப்படியோ சமாளித்து வரவழைக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் வாசித்தது 'திமிரி' நாதஸ்வரம். நீளம் குறைவு. அதனால் சுருதி அதிகம். நாலு, ஐந்து கட்டையில் கணீரென்று கத்தும். திறந்தவெளியில், நாலு வீதியிலும் கேட்க வேண்டுமல்லவா? அதற்கு அது சரி. ஆனால் நிதானமாக, குழைத்துக் குழைத்து ராகம் வாசிக்க அது போதவில்லை என்று ராஜரத்தினம் பிள்ளை நினைத்தார்.

என்ன செய்யலாம்? வேறு ஒருவராக இருந்தால், இந்த வாத்தியம் இப்படித்தான் என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை. திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. நாதஸ்வரம் செய்யும் ஆசாரிகளின் ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி என்ற கைதேர்ந்த கலைஞர் இருந்தார். பிள்ளை அவரிடம் தன் குறையைச் சொன்னார். ஒருவர் வாசிக்கத் தெரிந்தவர். மற்றவர் கடையத் தெரிந்தவர். இருவருமாகச் சேர்ந்தார்கள். குழலை நீளமாக்கினார்கள். துளைகளின் இடத்தை மாற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள்.

கடைசியில் பிறந்தது, இரண்டரை அடிக்கு மேல் நீளமுள்ள 'பாரி' நாதஸ்வரம். சுருதி இறங்கி, இரண்டு, இரண்டரைக் கட்டையில் கம்பீரமாக ஒலித்தது. சுத்த மத்தியமம் சுத்தமாகவே வந்தது! இன்று நாம் கேட்கும் நாதஸ்வரம் பெரும்பாலும் இந்தப் பாரிதான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு ராகத்தைச் சரியாக வாசிக்க வேண்டும் என்று ஒரு மனிதர் பிடித்த பிடிவாதம், ஒரு வாத்தியத்தையே மாற்றிவிட்டது பார்த்தீர்களா?

உட்கார ஓர் இடம்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

அந்த நாளில் நாதஸ்வரக் கலைஞர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் தெரியுமா? அவர்களில் பலர் இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகச் சங்கீதத்தையே மூச்சாகக் கொண்டவர்கள். அவர்கள் வாசிக்காமல் கோயிலில் விழா இல்லை. வீட்டில் கல்யாணம் இல்லை. ஆனாலும் மரியாதை மட்டும் இல்லை. பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடக்கூடாது. தோளில் துண்டு போடக்கூடாது. இடுப்பில்தான் கட்ட வேண்டும். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பாடகர்களுக்கும் வீணை, வயலின் வித்வான்களுக்கும் மேடை உண்டு. நாதஸ்வரக்காரருக்கு மேடையில் இடம் கிடைப்பது அபூர்வம்.

இது நம் ஊரில் மட்டும் நடந்த அநியாயம் என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவிலும் இப்படித்தான் இருந்தது. ஹைடன் என்ற மாபெரும் இசைமேதை, பிரபு வீட்டு வேலைக்காரர்கள் அணிவது போன்ற சீருடையில்தான் பணி செய்தார். மொசார்ட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுவனாக இருந்தபோதே அரசர்கள் முன்னால் வாசித்தவர். அவரே 1781-ஆம் ஆண்டில், தன் எஜமானரின் சமையல்காரர்களோடும் ஏவலாட்களோடும் ஒரே மேஜையில் உட்கார வைக்கப்பட்டதை நினைத்து மனம் நொந்தார். பிறகு லிஸ்ட் என்ற பியானோ கலைஞர் வந்தார். தான் ஒருவனே மேடையில் உட்கார்ந்து முழுக் கச்சேரியும் செய்து காட்டினார். பிரபுக்கள் அவர் முன்னால் அமைதியாக அமர்ந்து கேட்டார்கள். அதன் பிறகு அங்கே கலைஞனுக்கு மதிப்பு கூடியது.

ஐரோப்பாவில் பியானோவுக்கு லிஸ்ட் செய்ததை, காவிரிக் கரையில் நாதஸ்வரத்துக்கு ராஜரத்தினம் பிள்ளை செய்தார் என்று சொல்லலாம்.

அவர் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டை போட்டார். கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார். விரலில் மோதிரங்கள் மின்னின. நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்க்க 'ஒத்து' என்ற குழலை ஊதுவதுதான் வழக்கம். அவர் அதற்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று உறுதியாக நின்றார். பாடகருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை நாதஸ்வரத்துக்கும் வேண்டும் என்பதுதான் அவருடைய கட்சி.

அந்தக் காலத்தில் இதைத் திமிர் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். உட்கார ஓர் இடம் கேட்பது திமிரா? அவர் கேட்டது தனக்காக மட்டும் அல்ல. அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ நாதஸ்வர, தவில் கலைஞர்கள் சட்டை அணிந்து மேடையில் அமர்ந்ததற்கு அவரும் ஒரு முக்கியக் காரணம்.

வெறும் வாயால் கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டார். அதனால்தான் மறுக்க முடியவில்லை!

இசைத்தட்டு, வானொலி, சினிமா

அவருக்குத் தவில் வாசித்தவர்களில் மிகப் பெரியவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இவருடைய நாதஸ்வரமும் அவருடைய தவிலும் சேர்ந்துவிட்டால் கூட்டம் சொக்கிப்போகும்.

அப்போது கிராமபோன் இசைத்தட்டுகள் வந்திருந்த காலம். ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பதிவு செய்ய முடியும். இரவு முழுவதும் தோடி வாசிப்பவருக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் அந்தச் சில நிமிடங்களில் தோடியின் சாரத்தையெல்லாம் பிழிந்து கொடுத்தார். அந்த இசைத்தட்டு பெரும் புகழ் பெற்றது. அவர் வராத ஊர்களுக்கும் அவருடைய தோடி போய்ச் சேர்ந்தது. வானொலியிலும் வாசித்தார். இலங்கைக்கும் போய் வாசித்தார். அங்குள்ள தமிழர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

சினிமாவிலும் நடித்தார்! 1940-ஆம் ஆண்டு வெளிவந்த 'காளமேகம்' படத்தில், கவி காளமேகமாக நடித்தவர் இவர்தான். படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். ராஜரத்தினம் பிள்ளை பாட்டைக் கற்று, அதை நாதஸ்வரத்தில் கொண்டு வந்தார் என்று பார்த்தோம் இல்லையா? அந்த நாதஸ்வரத்தைக் கேட்டு, அதைத் தன் குரலில் கொண்டு வந்தார் ஒருவர். அவர்தான் புகழ்பெற்ற பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம். அவருடைய மின்னல் வேகப் பிருகாக்களுக்கு ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பே வழிகாட்டி என்பார்கள். பாட்டிலிருந்து குழலுக்குப் போனது, குழலிலிருந்து மறுபடியும் பாட்டுக்கே திரும்பி வந்தது!

சுதந்திரத்தின் முதல் நாதம்

1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14. மறுநாள் நாடு சுதந்திரம் அடையப் போகிறது. தில்லி முழுவதும் ஒரே பரபரப்பு. அன்று மாலை ஜவாஹர்லால் நேருவின் வீட்டை நோக்கி ஒரு சிறு ஊர்வலம் போனது. திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழு அது. தங்க முலாம் பூசிய செங்கோல் ஒன்றை நேருவுக்குக் கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஊர்வலத்தின் முன்னால் நாதஸ்வரம் வாசித்துப் போனவர், ஆதீன வித்வானான நம் ராஜரத்தினம் பிள்ளை!

தில்லித் தெருவில், சுதந்திரத்துக்குச் சில மணி நேரம் முன்னால், காவிரிக் கரையின் நாதஸ்வரம். நினைத்துப் பார்க்கவே பெருமையாக இருக்கிறது அல்லவா? அந்தச் செங்கோல் பல ஆண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது.

நிறையும் குறையும்

பெரியவர்களின் கதையைச் சொல்லும்போது நல்லதை மட்டும் சொன்னால் போதாது. ராஜரத்தினம் பிள்ளைக்குக் கோபம் அதிகம். மனம் ஒத்துவராவிட்டால் வாசிக்க மாட்டார் என்றும், அவருக்காகக் காத்திருந்து கச்சேரி ஏற்பாடு செய்தவர்கள் தவித்துப் போனார்கள் என்றும் பல கதைகள் உண்டு. சம்பாதித்தது ஏராளம், சேர்த்து வைத்தது மிகக் குறைவு. கையில் வந்ததைத் தாராளமாகச் செலவழித்தார். உடம்பையும் பேணவில்லை. மூச்சுதானே நாதஸ்வரக்காரரின் முதல்? அந்த முதலை அவர் கவனமாகக் காத்திருந்தால், இன்னும் எத்தனையோ ஆண்டுகள் நமக்குத் தோடி கிடைத்திருக்கும்.

1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, 58-ஆவது வயதில் அவர் காலமானார்.

ஆனால் நாதம் நின்றுவிடவில்லை. அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம், குருவின் பாணியைத் தெற்குச் சீமையெங்கும் பரப்பினார். 1962-ஆம் ஆண்டு வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஒலித்த நாதஸ்வரம் அவருடையதுதான். ஷேக் சின்னமௌலானா என்ற மேதையும் ராஜரத்தினம் பிள்ளையைத் தம் மானசீக குருவாகக் கொண்டார். 2010-ஆம் ஆண்டு இந்திய அரசு, ராஜரத்தினம் பிள்ளையின் படம் போட்ட தபால்தலையை வெளியிட்டது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் பெயரில் ஒரு கலையரங்கமும் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

குழந்தைகளே, அடுத்த முறை கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நாதஸ்வரம் வாசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அவருடைய விரல்களைப் பாருங்கள். துளையை முழுதாக மூடுகிறாரா, பாதி மூடுகிறாரா? உப்பியிருக்கும் கன்னத்தைப் பாருங்கள். எப்போது மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்க முயலுங்கள். அது அவ்வளவு சுலபம் இல்லை! நாதஸ்வரத்தில் நூலில் கட்டித் தொங்கும் சீவாளிகளை எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் தவில் வாசிப்பவர் விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளையும் கவனியுங்கள்.

வாசிப்பு முடிந்ததும் வணக்கம் சொல்லி, உங்கள் பெயர் என்ன ஐயா, இப்போது வாசித்தது என்ன ராகம் என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் முகம் எப்படி மலர்கிறது என்று பாருங்கள். தோடி வாசிக்கும்படி கேட்டால் இன்னும் மகிழ்வார்.

மேடையில் உட்கார இடம் வேண்டும் என்றுதான் ராஜரத்தினம் பிள்ளை போராடினார். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கேட்பதற்குக் காது வேண்டாமா? அதை நாம்தான் கொடுக்க வேண்டும்!